வமிசாவளியில் விடுபட்டவர்கள்

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்கி வருபவன் ஆதலால் அவன் பெயரன். தந்தைவழிப் பாட்டனின் பெயரை மூத்த பேரனுக்கும், பாட்டியின் பெயரை மூத்த பேத்திக்கும் இடுவது தமிழ்நாட்டில் பல சமூகத்தாரிடையே நெடுநாள் வழக்கம். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்த நம் முன்னோரில் மிகப் பலர், தங்கள் குடும்பத் தொடர்ச்சியை இந்த வழக்கத்திலேதான் பொதிந்து வைத்தார்கள்.

ஊரில் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. யாருக்கு யார் என்ன முறை என்பதைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவர் ஒருவர் தடையின்றிச் சொல்லிவிடுவார். பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து வேரூன்றிய நம் போன்ற குடும்பங்களுக்கு அந்தத் திண்ணை இல்லை. பாட்டனாரின் பெயர் தெரிகிறது. அவருடைய தந்தையின் பெயர் தெரிவதில்லை. ஊரின் பெயர் தெரிகிறது. தெருவின் பெயர் தெரிவதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் நம் வீட்டு இளைஞர் பலர் இன்று வமிசாவளி தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பாராட்டத்தக்க முயற்சியே அது.

ஆனால் தேடத் தொடங்கியவர்களுக்கு எதிர்பாராத ஒன்று குறுக்கிடுவதுண்டு. அதுதான் கணக்கில் வராத ஒரு பெயர். பாட்டனாருக்கு இன்னொரு மனைவி இருந்தார் என்று தெரியவருகிறது. தந்தைக்கு அவர் அறியாத ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். சித்தி என்று அழைத்துவந்தவரே பெற்ற தாய் என்று ஒரு பத்திரம் சொல்கிறது. இத்தகைய பெயர் கண்ணில் பட்டால் அதை எவ்வாறு சரிபார்ப்பது, சரிபார்த்த பின் எவ்வாறு நடந்துகொள்வது என்பவற்றை இங்கே நாம் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

மறைவுகள் பிறந்த விதம்

குடும்ப இரகசியம் என்றவுடன் ஒழுக்கக் கேடு என்று முடிவுகட்டிவிடுவது தவறு. நம் முன்னோரின் மறைவுகளுள் பல, கடலாலும் போராலும் வறுமையாலும் பிறந்தவை.

பர்மாவை எடுத்துக்கொள்வோம். 1931ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் சற்று மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. வட்டிக்கடை நடத்தியவர், வயலில் உழைத்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் எனத் தமிழர் பலவகையினராக அங்கே வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே சென்ற ஆடவர். ஆண்டுகள் கடந்தன, அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணை மணந்து குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள். பிற சமயத்தாரை மணந்த பௌத்தப் பெண்களின் திருமண உரிமைக்கும் வாரிசுரிமைக்குமென 1939இல் அந்நாட்டில் ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது என்றால், அத்தகைய திருமணங்கள் அரிதாக இருக்கவில்லை என்பது விளங்கும்.

1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பல் கிடைக்காதவர்கள் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து மணிப்பூருக்கும் அஸ்ஸாமுக்கும் வங்கத்துக்கும் வந்தார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். உயிர்தப்பி ஊர் திரும்பிய ஒருவர், பின்னே விட்டுவந்த மனைவியையும் மகனையும் பற்றி வாய் திறவாமல் இருந்தாரென்றால், அதற்குக் காரணம் வெட்கம் மட்டுமே என்று நாம் கூற முடியுமா? அவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்பதையே அவர் அறிந்திருக்கமாட்டார். பின்னர் 1964இல் பர்மிய அரசு கடைகளையும் வணிகத்தையும் தேசவுடைமை ஆக்கியபோது மற்றுமொரு பெருங்கூட்டம் திரும்பி வந்தது. மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்னும் சிற்றூரில் தமிழர் குடியிருப்பும் தமிழ்க் கோயிலும் இன்றும் இருப்பது அந்தப் பெயர்ச்சியின் விளைவே.

மலேயாவின் கதையும் இத்தகையதே. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியே சிங்கப்பூருக்குச் சென்றுவந்த 'ரஜூலா' கப்பலில் போகாத தஞ்சை மாவட்டத்துக் குடும்பம் உண்டா என்று கேட்கும் அளவுக்குப் போக்குவரத்து இருந்தது. போர்க்காலத்தில் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். அவர்களின் குழந்தைகளை யார் யாரோ எடுத்து வளர்த்தார்கள். இலங்கையிலோ, 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. குடியுரிமை ஆளுக்கு ஆள் வேறுபட்டதால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே இரு நாட்டினர் ஆனார்கள்.

இனி, கடல் கடக்காமலே பிறந்த மறைவுகளும் உண்டு. பிள்ளையில்லாத அக்காளுக்குத் தங்கை தன் குழந்தையைக் கொடுத்துவிடுவது நம் வீடுகளில் புதுமையன்று. சிலர் சுவீகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். பலர் வெற்றிலை பாக்கோடு முடித்துக்கொண்டார்கள். 'குழந்தை ஏங்கிவிடும், சொல்லாதீர்கள்' என்ற ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஊரே வாய் மூடிக்கொண்டது. அக்குழந்தைக்கு இன்று அறுபது வயது. அவர் தம்மோடு பிறந்தவர்களைச் சித்தியின் மக்கள் என்றே அறிந்திருக்கிறார்.

வீட்டிலேயே இருக்கும் சான்றுகள்

தேடல் இணையத்தில் தொடங்க வேண்டுவதில்லை. பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் தொடங்கலாம். அதில் கிடைக்கக்கூடியவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஜாதகக் குறிப்பு. பழைய ஜாதகங்களில் தந்தை, பாட்டன் பெயர்களோடு, இன்னாருடைய இளைய தாரத்துக்குப் பிறந்தவர் என்ற செய்தியும் சிலவற்றில் காணப்படும். இரண்டாவது, மொய் நோட்டு. நூறு பக்கம் உடைய அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தாய்மாமன் செய்முறை யார் செய்தார், பங்காளிகள் யார் யார் என்பவை அதில் தெளியும். நம் உறவில் யாரும் அறியாத ஒருவர் பெருந்தொகை எழுதியிருந்தால் அவர் யார் என்று கேட்பது பொருத்தமே. மூன்றாவது, கருமாதிப் பத்திரிகை. திருமணப் பத்திரிகையில் விடுபடும் பெயர்கூட இறப்புப் பத்திரிகையில் விடுபடுவது கடினம். மக்கள் என்ற தலைப்பின்கீழ் எல்லோரையும் எழுதியே தீர வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நிற்பார்கள்.

நான்காவது, மணியார்டர்த் துண்டு. பணம் பெற்றவரிடம் விட்டுச்செல்லும் அச்சிறு தாளில் அனுப்பியவரின் முகவரியும் இரண்டு மூன்று வரிச் செய்தியும் இருக்கும். ஐந்தாவது, பழைய கடவுச்சீட்டும் கப்பல் சீட்டும். ஆறாவது, புகைப்படங்கள். படத்தின் முகத்தைவிட அதன் பின்புறம் பெரும்பாலும் மிகுதியாகப் பேசும். எடுத்த கடையின் முத்திரையும் ஊரும் அங்கே இருக்கும்.

இவற்றோடு, நாம் முதலிற் கூறிய பெயர் வழக்கத்தையும் மறத்தலாகாது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தில்லியில் வாழும் ஒருவருடைய பாட்டனார் பினாங்கில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர். பெட்டியில் அவ்வூரிலிருந்து வந்த கடிதம் ஒன்று கிடைக்கிறது. எழுதியவன் ஒரு பையன். அவன் பெயர், பாட்டனாருடைய தந்தையின் பெயராகவே இருக்கிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், அந்தப் பையன் பாட்டனாரின் மகனாக இருந்தால் வழக்கப்படி அவனுக்கு இடவேண்டிய பெயர் அதுவே என்பதை எண்ண வேண்டும். பெயர் மட்டும் சாட்சியாகாது. ஆனால் எந்தத் திசையில் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அது காட்டிவிடும்.

அதே வழக்கம் நம்மை ஏமாற்றவும் வல்லது. ஒரு பாட்டனின் நான்கு மக்களும் தத்தம் மூத்த மகனுக்கு அவர் பெயரையே இட்டால், ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருப்பார்கள். ஆகையால் பெயரோடு தந்தை பெயர், தாய் பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி ஒருவரை மற்றொருவராகக் கொள்ளக் கூடாது.

பெட்டியைப் பார்த்த பின் பெரியவர்களிடம் செல்ல வேண்டும். பாட்டிமாரிடம் 'தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா?' என்று நேரே கேட்பது பண்பன்று, பயனும் இராது. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், பிரசவத்துக்கு யார் வந்து இருந்தார், தாத்தா ஊருக்கு வந்தபோது என்ன கொண்டுவந்தார் என்று கேட்டால், சொல்ல விரும்புவதை அவர்களே சொல்லுவார்கள்.

ஏடுகளும் அலுவலகங்களும்

வீட்டுக்கு வெளியே முதலில் அணுகத்தக்கது சார்பதிவாளர் அலுவலகம். நிலத்துக்கு வில்லங்கச் சான்று கேட்டால், அந்த நிலம் யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பது வரிசையாக வரும். பாகப் பிரிவினைப் பத்திரம், உயில், தானசெட்டில்மெண்ட் ஆகியவற்றில் குடும்பத்தார் ஒவ்வொருவரும் இன்னார் மகன், இன்னார் மனைவி என்று தந்தை பெயரோடும் கணவர் பெயரோடும் குறிக்கப்படுவார்கள். ஒரு பெண்ணுக்கும் அவளுடைய குழந்தைகளுக்கும் ஜீவனத்துக்கென்று எழுதிவைத்த சிறு நிலம் பல மறைவுகளைத் திறந்துகாட்டும்.

பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1969இல். அதற்கு முன்னும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பதிவுகள் இருந்தன. ஆனால் குழந்தையின் பெயர் எழுதாமல் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டும் குறித்த வரிகள் மிகுதி. ஆகவே தந்தை பெயரையும் தேதியையும் கொண்டுதான் தேட வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஆகியவையும் துணை செய்யும்.

சமய நிலையங்களின் ஏடுகளும் உள. நகரத்தார் தம் ஒன்பது கோயில்களில் திருமணமான குடும்பத்தைப் புள்ளியாகப் பதிவு செய்துவருகின்றனர். கிறிஸ்தவ ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளில் பெற்றோர் இருவர் பெயரும் உண்டு. பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடு மணமகன் மணமகள் இருவரின் தந்தை பெயரையும் கூறும். காசியிலும் கயையிலும் பண்டாக்கள் தம்மிடம் வந்த யாத்திரிகரின் பெயர், ஊர், வமிசம் ஆகியவற்றை நீண்ட ஏடுகளில் எழுதிவைத்திருக்கின்றனர். கயையில் பிண்டம் இடும்போது தாய் தந்தையரோடு மாற்றாந்தாய்க்கும் இடமுண்டு. வட நாட்டில் வாழும் நமக்கு இவ்வூர்கள் தொலைவல்ல. ஒருமுறை சென்று கேட்பதில் தவறில்லை.

கடல் கடந்தவர்களுக்கு இன்னும் விரிவான பதிவுகள் உள. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் முதற் கப்பல் சென்றடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரின் கப்பற் பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. மொரீஷியஸில் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிலையம், 1834 முதல் அத்தீவுக்கு வந்த இந்தியரின் ஆவணங்களைக் காத்துவருகிறது. அவற்றுள் பலருடைய புகைப்படங்களும் உண்டு. தில்லி வாழ் அன்பர்களுக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. ஊர் செல்லுங்கால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பார்க்கலாம்.

உமிழ்நீர் கூறும் சாட்சி

இவற்றையெல்லாம் தாண்டி, இக்காலத்தில் ஒரு புதிய சாட்சி வந்திருக்கிறது. சிறு குழாயில் உமிழ்நீரை எடுத்து அனுப்பினால், அதிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை ஆராய்ந்து, அதே நிறுவனத்திடம் சோதனை செய்துகொண்ட பிறருள் யார் யார் நமக்கு உறவினர் என்று பட்டியலிட்டு அனுப்புகிறார்கள். டர்பனிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவர், 'தாங்கள் என் தந்தைவழி உறவாக இருக்கலாம்' என்று எழுதும் காலம் இது.

இதன் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்வது நன்று. ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த இருவர் சராசரியாக நூற்றுக்கு 50 பங்கு மரபுப் பொருளில் ஒத்திருப்பர். தந்தை ஒருவர், தாயர் இருவர் என்றால் 25 பங்கு. ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் 12.5 பங்கு. ஆனால் பாட்டனுக்கும் பேரனுக்கும் 25 பங்குதான். சிற்றப்பனுக்கும் அண்ணன் மகனுக்கும் 25 பங்குதான். ஆகவே 25 என்ற எண்ணைக் கண்டவுடன் 'என் தந்தைக்கு இன்னொரு மகன்' என்று முடிவுசெய்துவிட முடியாது. இருவருடைய வயது என்ன, வேறு எந்த உறவினரோடு அவர் ஒத்துப்போகிறார் என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடையே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த முறை. அவ்வாறு உறவுக்குள்ளேயே மணம் புரிந்த குடும்பங்களில் ஒருவரோடு ஒருவருக்கு ஒரு வழியில் மட்டுமன்றி இரண்டு மூன்று வழிகளில் உறவு இருக்கும். வெளிநாட்டினரின் குடும்ப அமைப்பை வைத்துப் போட்ட கணக்கு நம்மை உள்ளதைவிட நெருங்கியவராகக் காட்டிவிடும். முதல் மனைவி இறந்தபின் அவளுடைய தங்கையையே மணப்பதும் நம் வழக்கம் அல்லவா? அந்த இருவருக்கும் பிறந்த குழந்தைகள் தந்தை வழியில் 25, தாய்மார் உடன்பிறந்தவராதலால் 12.5, ஆக 37.5 பங்கு ஒத்திருப்பார்கள். முறை அறிந்த பாட்டி ஒருவர் அருகில் இல்லாவிட்டால் இந்த எண்களால் பயனில்லை.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் நிறமூர்த்தம் என்பது ஒன்றுண்டு. அது ஒத்திருந்தால் இருவரும் ஒரே ஆண்வழியினர் என்று தெரியும். ஆனால் பங்காளிகள் அனைவருக்கும் அது பொதுவே ஆதலின், சகோதரரையும் பங்காளியையும் அது பிரித்துக்காட்டாது. ஒருவரது சோதனை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நாம் உமிழ்ந்த குழாயில் நம் தந்தையின் இரகசியமும் தாயின் இரகசியமும் சேர்ந்தே செல்கின்றன. நம்முடைய பிறப்பைப் பற்றியே நாம் அறியாத ஒன்று வெளிவரலாம். அதைத் தாங்கும் மனம் இல்லாதவர்கள் சோதனையைத் தொடங்காமல் இருப்பதே நலம்.

சட்டம் கூறுவது

புதிய உறவு ஒன்று வெளிப்படும்போது வீட்டார் முதலில் அஞ்சுவது சொத்தைக் குறித்தே. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை சில அடிப்படைகளைக் கூறுகிறோம்.

சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னர், இந்து ஆடவன் ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணப்பது குற்றமாக இருக்கவில்லை. 1955இல் வந்த இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதும் அதை நிறுத்தியது. எனவே அதற்கு முற்பட்ட காலத்து இளைய தாரத்தைச் சட்டவிரோத மனைவி என்று கூறுவது அறியாமை. அதற்குப் பிற்பட்ட இரண்டாம் திருமணம் செல்லாது. ஆயினும் அதில் பிறந்த குழந்தைகள் முறையான குழந்தைகளே என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. 2023 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரேவணசித்தப்பா வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, அக்குழந்தைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தையின் பங்காக எது வருமோ அதிலும் உண்டு. பிற உறவினரின் சொத்தில் இல்லை.

மறுபுறம், செல்லத்தக்க திருமணம் நிலவும்போது பிறந்த குழந்தை கணவனுடையதே என்று சட்டம் ஊகிக்கிறது. டி.என்.ஏ. சோதனைக்கு நீதிமன்றங்கள் எளிதில் உத்தரவிடலாகாது என்பதை 1993 முதலே உச்ச நீதிமன்றம் வலியுறுத்திவந்திருக்கிறது. வீட்டில் செய்துகொண்ட சோதனைத் தாளைக் காட்டி ஒருவரைக் குடும்பத்திலிருந்து விலக்கவும் முடியாது. உள்ளே நுழையவும் முடியாது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று கேட்கும்போது ஒருவர் இருப்பதை அறிந்தும் மறைப்பது பின்னாளில் வழக்குக்கு வித்தாகும். ஐயம் இருப்பின் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே முறை.

தத்துக் கொடுக்கப்பட்டு வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் தம் வேரைத் தேடி வருவதும் இப்போது மிகுந்துவருகிறது. அதற்கென 'காரா' என்னும் மத்திய ஆணையத்தின் விதிகளில் வழி வகுத்திருக்கிறார்கள். பெற்ற தாயின் மறைப்புரிமையையும் அவ்விதிகள் காக்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதில்தான் நேர்மை இருக்கிறது.

கேட்குமுன் எண்ண வேண்டியவை

பாரதப் போர் முடிந்து, மாண்டவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் கர்ணனுக்கும் நீர் விடுமாறு குந்தி தருமரிடம் கூறினாள். தன் மூத்த மகன் அவன் என்பதை அதுவரை அவள் பாண்டவர்க்குச் சொல்லவில்லை. தருமர் அடைந்த துயரம் பெரிது. தாயின்மீது அவர் கொண்ட சினமும் பெரிது. இக்கதையைக் கேட்கும் நாம் பெரும்பாலும் தருமரின் பக்கமே நிற்கிறோம். கன்னிப் பருவத்தில் அவள் இருந்த நிலையில் அவள் வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாட்டிமாரும் தாய்மாரும் காத்துவந்த மௌனங்களுள் பல அத்தகையவை. உலகத்தின் சொல்லுக்கு அஞ்சி, பிள்ளைகளைக் காப்பதற்காகவே காத்தவை அவை.

ஆதலால் தேடுவோர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். இச்செய்தி வெளிவந்தால் உயிரோடிருக்கும் எவர் மனம் புண்படும்? அவரிடம் முதலில் நாமே தனியே சொல்ல வேண்டுமா, அல்லது அவர் காலம் வரை காத்திருக்கலாமா? தேடிக் கண்டவர் நம்மை நாடி வந்தால் வீட்டுக் கதவைத் திறப்போமா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாதவர், பிறர் வாழ்வில் சென்று கதவைத் தட்டுவது தகாது.

தட்டுவது என்று தீர்மானித்தால், முதற் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நாம் யார், எந்த ஊர், எதைக்கொண்டு உறவு இருக்கலாம் என்று எண்ணுகிறோம் என்பதை மட்டும் எழுதலாம். ஒரு புகைப்படத்தின் படியை உடன் வைக்கலாம். சொத்து, பங்கு, வழக்கு என்ற பேச்சே வேண்டாம். பதில் எழுதுவதும் எழுதாமலிருப்பதும் அவர்கள் விருப்பம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரு சாராருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் வழியே அனுப்ப முடிந்தால் இன்னும் நன்று. தேடல் முடியுமுன் குடும்பக் குழுக்களில் கைப்பேசி வழியே செய்தியைப் பரப்புவது பெருந்தீங்கு. பாதி தெரிந்த செய்தி, ஓர் உத்தமியின் பெயரை ஒரே மாலையில் கெடுத்துவிடும்.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். குடும்ப இரகசியம் என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே இரகசியம். கடலுக்கு அப்பாலிருந்த இளைய குடும்பத்தார், தந்தைக்கு ஊரில் ஒரு குடும்பம் உண்டு என்பதை அறிந்தே வளர்ந்திருப்பார்கள். அவர் பணம் அனுப்புவதையும் கடிதம் எழுதுவதையும் கண்டிருப்பார்கள். நாம் அவர்களைப் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று எண்ணுகிறோம். அவர்களோ நெடுநாளாக நம்மை அறிவார்கள், நம் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து சலித்தும் இருப்பார்கள். எனவே அவர்கள் முதற்பதிலில் குளிர்ச்சி இருந்தாலும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறைவு எவருடைய குற்றமாயினும் அந்தக் குழந்தையின் குற்றம் அன்று. இதில் நமக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது. பாட்டனாரைப் பழிக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியின் மனத்தை வருத்த வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் வமிசாவளி எழுதும்போது, இருந்தார் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரை இல்லை என்று எழுதுவது பொய். வெளியிடும் காலத்தை உயிரோடிருப்பவர்களின் நலம் கருதித் தள்ளிவைக்கலாம். ஏட்டில் உள்ள பெயரை அடித்துவிட நமக்கு உரிமை இல்லை. வேண்டுமாயின் அந்தப் பக்கத்தை உறையிலிட்டு ஒட்டி, இன்ன காலத்துக்குப் பின் பிரிக்க என்று எழுதிவைக்கலாம்.

நம் மொழி இவ்விஷயத்தில் நமக்குப் பெருந்துணை. தந்தை ஒருவராகத் தாய் வேறானவரை அழைக்க அன்றாடத் தமிழில் தனிச்சொல் இல்லை. மூத்தவர் என்றால் அண்ணன், அக்காள். இளையவர் என்றால் தம்பி, தங்கை. அவர்களைப் பெற்றவள் பெரியம்மாள் அல்லது சின்னம்மாள். இராமனுக்குப் பரதன் தம்பி என்றுதான் நாம் சொல்லுகிறோம். அரைத் தம்பி என்று யாரும் சொன்னதில்லை. பினாங்கிலிருந்தோ டர்பனிலிருந்தோ ஒரு முதியவர் நம் வீட்டுத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசுவாராயின், அவரை எப்படி அழைப்பது என்று நாம் தேடவேண்டியதில்லை.

இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், குடும்பத்தில் மூத்தவர் ஒருவரோடு இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து, அவர் கூறும் பெயர்களைத் தமிழிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். பழைய கையெழுத்தையும் கிரந்த எழுத்துக் கலந்த பத்திரங்களையும் படிக்க இயலாத இளைஞர்களுக்கு, படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உதவ முன்வர வேண்டும். அந்தப் பெரியவர்களின் கண்ணும் நினைவும் தெளிவாக இருக்கும் காலம் நீண்டதன்று.